மட்டம் தவறிய கண்

லொங்கிடோ
9 மார்ச் 1986

அண்ணன் மெபுகோரிக்கு,

தம்பி கிமிரெய் வணங்கி எழுதுவது. மாடுகள் நலம், பிள்ளைகள் நலம், புல் சுமார். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? மொரோகோரோவில் மகள் வீட்டில் பாலை விலைக்கு வாங்கித்தான் குடிக்கிறீர்களா என்று என் மூத்தவள் கேட்கச் சொன்னாள். "வாங்குற பால்ல மாட்டவிடக் கெணறுதான் நெறையக் கறந்திருக்கும்" என்கிறாள்.

நான் எழுதுவது ஆடுகளைப் பற்றி. போன மழையிலிருந்து இதுவரை பதினொரு வெள்ளாடுகள் போய்விட்டன. நம் ஆட்கள் ஒர்மிலோ என்று சொல்கிற அதே சுற்று நோய்தான். முதலில் மந்தையை விட்டு ஒதுங்கி மரத்தைப் பார்த்தபடி நிற்கிறது. பிறகு ஒரே பக்கமாகச் சுற்றுகிறது. பார்வையும் சரியில்லை. முள்வேலி காலடியில் இருந்தாலும் தெரியாமல் மேலே ஏறி விழுகிறது. கண் திறந்துதான் இருக்கிறது, ஆனால் கீழே இறங்க மாட்டேன் என்கிறது.

முப்பத்தொரு வருடம் கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஆய்வுக் கூடத்தில் ஆட்டு மூளையோடு இருந்தவர் நீங்கள். இது மருந்துக்கு அடங்குகிற நோயா, அல்லது வேறு ஏதாவதா என்று சொல்லுங்கள். 'வேறு ஏதாவது' என்று நான் எழுதுவதன் பொருள் உங்களுக்குத் தெரியும். இங்கே எல்லோரும் அதைத்தான் பேசுகிறார்கள்.

உங்கள் பதிலைப் பார்த்திருக்கும்,
கிமிரெய்


மொரோகோரோ
2 ஏப்ரல் 1986

தம்பி கிமிரெய்க்கு,

உன் கடிதம் மார்ச் இருபத்தொன்றாம் தேதி கிடைத்தது. வீட்டில் எல்லோரும் நலமென்று அறிந்தது ஆறுதல். என் முழங்கால் மழைக்கு இரண்டு நாள் முன்பே மழையைச் சொல்லிவிடுகிறது. வேறு குறை இல்லை. பாலில் கிணறு இருப்பது உண்மை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் கால்நடை மருத்துவன் அல்லன். பேராசிரியர்கள் கேட்டபடி ஆட்டின் மூளையை மெல்லிய சீவல்களாக அறுத்து, சாயமேற்றி, கண்ணாடித் தகட்டில் ஒட்டிக் கொடுத்தவன். உயிரோடிருக்கிற ஆட்டைவிட இறந்த ஆட்டைத்தான் எனக்கு நன்றாகத் தெரியும். ஆகவே நான் சொல்வதைப் பாதி நம்பினால் போதும்.

நீ செய்ய வேண்டியது இது. நோயில்லாத ஓர் ஆட்டைப் பிடித்து அதன் கண்ணைப் பக்கவாட்டில் நின்று பார். நடுவில் கறுப்பாக ஒரு கோடு படுத்திருக்கும். ஆட்டின் தாடையைப் பிடித்து மெதுவாகத் தலையைக் குனிய வை, பிறகு நிமிர்த்து. தலை சாயும்போது கோடு என்ன செய்கிறது என்று பார்த்து எழுது. அடுத்ததாக, தாடையை விடாமல் பிடித்துக்கொண்டு, ஒரு பிடி வேலங்காயைக் கண்ணெதிரே காட்டி, மேலே கொண்டு போ, கீழே கொண்டு வா, பிறகு இடமும் வலமும் ஆட்டு. விழி எந்தத் திசையில் பின்தொடர்கிறது, எதில் நின்றுவிடுகிறது என்று குறித்துக்கொள். இதையே நோய் கண்ட ஆடுகளுக்கும் செய். ஒவ்வோர் ஆட்டுக்கும் தனித்தனியாக எழுது. இல்லாததை எழுதாதே.

'வேறு ஏதாவது' என்பதை இப்போதைக்குத் தள்ளி வைப்போம்.

எல்லோருக்கும் என் ஆசிகள்,
மெபுகோரி


லொங்கிடோ
27 ஏப்ரல் 1986

அண்ணனுக்கு,

இங்கே யாவரும் சுகம். அங்கும் அப்படியே இருக்க வேண்டுகிறேன்.

நீங்கள் சொன்னபடி செய்தேன். நல்ல ஆட்டின் தலையை எவ்வளவு குனிய வைத்தாலும் அந்தக் கறுப்புக் கோடு தரையோடு மட்டமாகவே நிற்கிறது. விழியே குழிக்குள் உருண்டு ஈடு கொடுக்கிறது. நாற்பது வருடமாக ஆடு மேய்க்கிறேன், இதை நான் கவனித்ததே இல்லை! நோய் கண்ட நான்கில் மூன்றுக்குக் கோடும் தலையோடு சேர்ந்து சாய்ந்தது. தலை குனிந்தால் கோடு செங்குத்தாகிறது. வேலங்காயை இடம் வலம் ஆட்டினால் விழி வருகிறது. மேலே கொண்டு போனால் வரவே இல்லை. கீழே பாதி வந்து நின்றுவிடுகிறது. நான்காவது ஆடு என்னைக் கடித்துவிட்டது, அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

பார்க்க ஊரே கூடிவிட்டது. "என்ன கிமிரெய், மொகத்தத் தூக்கித் தூக்கிப் பாக்குற? ஆட்டுக்குப் பொண்ணு கேக்கப் போறியா?" என்று சிரித்தார்கள். ஒருவன் மட்டும் சிரிக்கவில்லை. "ஆட்டுக் கண்ணப் பாத்து என்ன ஆகப் போகுது? யாரு கண்ணு பட்டுச்சுன்னு பாரு" என்றான்.

அண்ணா, அவன் சொன்னது அண்ணி நசியேகுவை. நம் நடு அண்ணன் சானிங்கோ இறந்த பிறகு, 1981-இல், அவள் என் பட்டியில் மூன்று குட்டிகளைப் பார்த்து "என்னா வடிவு!" என்றாள். கண்ணேறு படாமலிருக்கத் துப்பவும் இல்லை. அந்த வருட மழை முடிவதற்குள் மூன்றும் சுற்றிச் சுற்றிச் செத்தன. அதனால்தான் அவளை ஓடைக்கு அப்பால் தனிப் பட்டி போடச் சொன்னோம். இந்த ஐந்து வருடத்தில் எங்கள் ஆடுகள் விழுந்துகொண்டே இருக்கின்றன. அவள் ஆடுகளில் ஒன்றுகூட விழவில்லை. இதை எப்படிப் புரிந்துகொள்வது? பெரியவர்கள் அவையைக் கூட்டப் பேசுகிறார்கள். தீர்ப்பு அவளுக்கு எதிராக வந்தால், இரண்டு பெண் பிள்ளைகளோடு அவள் தன் தகப்பன் ஊருக்குப் போக வேண்டியதுதான். ஆடுகள் சானிங்கோவின் ஆடுகள், அவை இங்கேயே நிற்கும்.

செத்த ஆட்டின் இறைச்சியை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். தலையை, சானிங்கோவின் சாவுக்கு வந்தபோது நீங்கள் சொன்னபடி, யாரும் தொடுவதில்லை, தூர எறிந்துவிடுகிறோம்.

சீக்கிரம் எழுதுங்கள்.
கிமிரெய்


மொரோகோரோ
15 ஜூன் 1986

தம்பிக்கு,

நலம். நீயும் வீட்டாரும் நலமாக இருக்க வேண்டுகிறேன். பதில் தாமதமானதற்கு மன்னித்துக்கொள். உடம்புக்கு ஒன்றுமில்லை. சில பழைய குறிப்பேடுகளைத் தேட வேண்டியிருந்தது.

நீ பார்த்தது மிகவும் பயனுள்ளது. கண்ணை இடம் வலம் திருப்புகிற கட்டளை மூளைத் தண்டில் கீழே ஓரிடத்திலிருந்து வருகிறது. மேலும் கீழும் திருப்புகிற கட்டளை அதற்கு மேலே, நடுமூளையில், இரு புறமும் கடுகளவே உள்ள நரம்புக் கூட்டங்களிலிருந்து வருகிறது. தலை சாயும்போது கோட்டை மட்டமாக நிறுத்துவதும் அந்த இடத்தின் வேலைதான். உள்காதில் ஒரு ரசமட்டம் இருக்கிறது, அதன் செய்தி அங்கே ஏறி வருகிறது. மேலே பார்க்கும் வழி நடுமூளையின் கூரைப் பக்கமாக வலமிருந்து இடத்துக்கும் இடமிருந்து வலத்துக்கும் கடந்து போகிறது. அதனால் மேலிருந்து ஏதாவது அழுத்தினால் முதலில் அறுவது மேல் நோக்குதான். உன் ஆடுகளுக்கு இடம் வலம் நன்றாக இருக்கிறது, மேல் இல்லை, கீழ் பாதி, மட்டம் தவறிவிட்டது. நடுமூளையின் மேல் ஏதோ அழுத்துகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. தோன்றுகிறது என்று மட்டுமே எழுதுகிறேன். கண்ணேறு கடுகளவு இடத்தைத் தேடிப் பிடித்து அழுத்துமா என்று நீயே யோசித்துப் பார்.

சில கேள்விகள். நம் பட்டியில் இப்போது எத்தனை நாய்கள்? 1979-க்கு முன் எத்தனை இருந்தன? ஓடைக்கு அப்பால் நசியேகுவிடம் நாய் உண்டா? குட்டிகள் மந்தையோடு போகாத வயதில் எங்கே மேய்கின்றன?

அவையைத் தள்ளிப்போட முடிந்தால் தள்ளிப்போடு.

ஆசிகளுடன்,
மெபுகோரி


லொங்கிடோ
6 ஜூலை 1986

அண்ணனுக்கு,

சுகம், சுகமறிய ஆவல்.

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். ஏழு வாரம் கழித்து எழுதினீர்கள். நான் ஆட்டைப் பற்றிக் கேட்டால் நாயைப் பற்றிக் கேட்கிறீர்கள். 1979-க்கு முன், 1979-க்குப் பின் என்று ஏன் பிரிக்கிறீர்கள்? அந்த வருடத்தில் நடந்தது ஒன்றுதான். சானிங்கோ இறந்தார், நீங்கள் வந்தீர்கள், போனீர்கள்.

நாய் முன்பு இரண்டு, இப்போது ஏழு. நன்றாகக் கொழுத்திருக்கின்றன. அண்ணியிடம் நாய் இல்லை, இருந்ததைச் சிறுத்தை தூக்கிவிட்டது. குட்டிகள் எப்போதும் போலப் பட்டியைச் சுற்றித்தான் மேய்கின்றன. அவள் குட்டிகள் அவள் பட்டியைச் சுற்றி. போதுமா?

கடுகளவு இடத்தைப் பற்றி எழுதியதை இரண்டு பெரியவர்களிடம் சொன்னேன். ஒருவர் சொன்னார்: "கண்ணு வைக்கிறவளுக்குக் கண்ணோட வேரு எங்க இருக்குன்னு தெரியாதா? உங்க அண்ணன் நல்ல எடத்தத்தான் காட்டிக் குடுத்திருக்காரு." குறிகாரரும் சுரைக்குடுக்கையிலிருந்து கல்லை உருட்டிப் பார்த்துவிட்டு, நோய் ஓடைக்கு அந்தப் பக்கமிருந்து வருகிறது என்றார். அவை செப்டம்பரில்.

நேராகவே கேட்கிறேன். அண்ணி உங்களுக்குத் தனியாக எழுதுகிறாளா? அவள் பக்கம் நின்றுகொண்டுதான் இதையெல்லாம் கேட்கிறீர்களா?

கிமிரெய்


லொங்கிடோ, ஓடைக்கு அப்பால்
20 ஜூலை 1986

பெரிய அத்தானுக்கு,

சானிங்கோவின் மனைவி நசியேகு எழுதுவது. நானும் பிள்ளைகள் இருவரும் சுகம். உங்கள் உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள். நான்காம் வகுப்பு வரைதான் படித்தேன், பிழை இருந்தால் பொறுங்கள். இதுவரை உங்களுக்கு நான் எழுதியதில்லை. எழுதுகிறேன் என்று இங்கே சொல்கிறார்கள். பழி வந்த பிறகு எழுதாமல் இருந்து என்ன பயன்? இதைப் பேருந்து ஓட்டுநர் கையில் நானே கொடுக்கிறேன். தபால் சேர்க்கிற கடையில் கொடுத்தால் யார் பிரிப்பார்கள் என்று தெரியாது.

தண்ணீருக்குப் போனால் பெண்கள் குட்டிகளை மறைக்கிறார்கள். போன வாரம் ஒருத்தி, "ஒங் கண்ணத் தரையிலயே வச்சுட்டு வா, மேல தூக்காத" என்றாள். நான், "தரையப் பாத்தா புல்லு காயுதும்பீங்க, வானத்தப் பாத்தா மழ நிக்குதும்பீங்க. கண்ண அவுத்து உங்க கையில குடுக்கவா?" என்றேன்.

என் ஆடுகள் ஏன் சாகவில்லை என்று கேட்கிறார்கள். எனக்கே தெரியாது. அவர்களைப் போலவேதான் வளர்க்கிறேன். ஒரே வித்தியாசம் உண்டு. அதைச் சொல்லப் பயமாக இருக்கிறது. தலையைத் தின்னக் கூடாது என்று அன்று நீங்கள் சொன்னீர்கள். தலை எப்போதும் பெண்களின் பங்கு. இங்கே வந்த முதல் வருடம் கிழட்டு ஆடு ஒன்று செத்தது. வேறு எதுவும் இல்லாததால் தலையை வேக வைத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்தேன். இப்போதும் எது செத்தாலும் தலையை வேக வைத்துத் தின்றுவிடுகிறோம். எறிய மனம் வரவில்லை. இது குற்றமா? இது அவைக்குத் தெரிந்தால் சூனியத்துக்குச் சாட்சி என்பார்களா?

கிமிரெய் என் ஆடுகளை இரண்டு முறை எண்ணிப் பார்த்துவிட்டுப் போனார். ஏன் எண்ணினார் என்று நான் கேட்கவில்லை.

பதில் எழுதுங்கள்.
நசியேகு


மொரோகோரோ
17 ஆகஸ்ட் 1986

தம்பி கிமிரெய்க்கு,

நீயும் உன் வீட்டாரும் கால்நடைகளும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

இந்தக் கடிதத்தை நான்கு முறை எழுதிக் கிழித்தேன். தயவுசெய்து இதை அவையில் உரக்கப் படி.

ஆட்டின் மூளையில் அழுத்துவது ஒரு நீர்ப்பை. அதற்குள் அரிசிக் குருணைபோல வெள்ளைப் புள்ளிகள் இருக்கும். ஒவ்வொரு புள்ளியும் ஒரு புழுவின் தலை. அந்த மூளையை நாய் தின்றால், நாயின் குடலில் அவை நாடாப் புழுக்களாக வளர்கின்றன. நாய் கழிக்கும் இடத்தில் முட்டைகள் புல்லில் ஒட்டுகின்றன. பட்டியைச் சுற்றி மேய்கிற குட்டி அந்தப் புல்லைத் தின்கிறது. முட்டை பொரிந்து, இரத்தத்தோடு மூளைக்கு ஏறி, மாதக்கணக்கில் பையாக வளர்கிறது. ஆடு சாகிறது. தலை மறுபடி நாய்க்குப் போகிறது.

1979-இல் சானிங்கோவின் சாவுக்கு வந்தபோது ஓர் ஆடு சுற்றுவதைப் பார்த்தேன். வெறிநாய்க்கடி நோயாக இருக்குமோ என்று அஞ்சினேன். "தலையத் தின்னாதீங்க, தூக்கி எறிஞ்சிடுங்க" என்று எல்லோரிடமும் சொன்னேன். படித்தவன் சொன்னான் என்று நீங்கள் அப்படியே செய்தீர்கள். அதுவரை அந்தத் தலைகள் பெரும்பாலும் பெண்களின் பானையில் வெந்தன. என் சொல்லுக்குப் பிறகு நாய்களுக்குப் போயின. நான் சொன்னது தவறு. குறிப்பேடுகளைப் புரட்டியதில் இது தெளிவாயிற்று.

நசியேகுவின் பட்டியில் நாய் இல்லை, அவள் தலையை எறிவதும் இல்லை. அவள் ஆடுகள் பிழைத்ததற்கு அதுவே காரணம். அவளை நீங்கள் ஓடைக்கு அப்பால் அனுப்பியதுதான் அவள் குட்டிகளைக் காப்பாற்றியது. அதையே அவளுக்கு எதிரான சாட்சியாக ஆக்கிவிட்டீர்கள்.

இனி தலையை எரித்துவிடுங்கள். நாய்களுக்கு மாத்திரை அனுப்புகிறேன்.

உன் அண்ணன்,
மெபுகோரி


லொங்கிடோ, ஓடைக்கு அப்பால்
21 செப்டம்பர் 1986

பெரிய அத்தானுக்கு,

நாங்கள் சுகம். நீங்கள் சுகமா? என் கடிதத்துக்கு இரண்டு மாதமாகப் பதில் இல்லை. வரவில்லையா, எழுதவில்லையா தெரியவில்லை.

நேற்று அவை கூடியது. பெண்களுக்கு அங்கே இடமில்லை, வேலிக்கு வெளியே நின்று கேட்டேன். மூத்தவர் கொய்னெத் கிமிரெயிடம், "உங்க அண்ணன் என்ன எழுதினாரு?" என்று கேட்டார். கிமிரெய், "அவரு நாயப் பத்தி எழுதுறாரு, வயசாயிடுச்சு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். உங்கள் கடிதம் எதுவும் படிக்கப்படவில்லை. கொய்னெத்துக்குக் காய்ச்சல் அடித்ததால் தீர்ப்பைச் சொல்லாமல் கலைந்தார்கள். அக்டோபர் கடைசியில் மறுபடி கூடுகிறார்கள். அன்று முடிவாகிவிடும். என் பெரியவள் இப்போதே பாத்திரங்களைக் கட்டுகிறாள். நான் அவிழ்த்து வைக்கிறேன்.

நீங்கள் உண்மையிலேயே நாயைப் பற்றித்தான் எழுதினீர்களா?

நசியேகு


லொங்கிடோ
28 செப்டம்பர் 1986

அண்ணனுக்கு,

எல்லோரும் சுகம். மாத்திரைப் பொட்டலம் வந்தது.

கடிதமும் வந்தது. படித்தேன், அவையில் படிக்கவில்லை. யார் மூலமாகவோ இது உங்கள் காதுக்கு வந்திருக்கும். ஏன் என்று சொல்கிறேன். என் மகனுக்குப் பெண் பேசிக்கொண்டிருக்கிறோம். அந்த வீட்டார் சம்மதித்ததே உங்கள் பெயருக்காக. 'கல்லூரியில் இருக்கிறவரின் குடும்பம்' என்றுதான் நம்மைச் சொல்கிறார்கள். அந்தக் கல்லூரிக்காரர்தான் ஊர் ஆட்டையெல்லாம் கொன்றார் என்று நானே எழுந்து நின்று படிக்க வேண்டுமா? நம் வீட்டு ஆடு மட்டுமா செத்தது?

நான் நம்பவும் இல்லை. ஒரு பெண்ணைக் காப்பாற்ற நீங்கள் பழியைத் தலையில் போட்டுக்கொள்கிறீர்கள் என்று நினைக்கிறேன். சின்ன வயதிலும் அப்படித்தான். யார் அதட்டினாலும் செய்யாததையும் செய்தேன் என்பீர்கள். அண்ணியின் ஆடுகள் மேல் எனக்குக் கண் என்று நீங்கள் நினைக்கிறீர்களா? நினைத்தால் எழுதுங்கள், மறைக்காதீர்கள்.

சொல்ல வேண்டுமென்றால் நீங்களே வந்து சொல்லுங்கள். அவை அக்டோபர் இருபத்தைந்து. காகிதத்தை யார் வேண்டுமானாலும் எழுதலாம்.

கிமிரெய்


மொரோகோரோ
2 நவம்பர் 1986

அம்மா நசியேகுவுக்கு,

நீங்களும் பிள்ளைகளும் நலமாக இருக்க வேண்டுகிறேன். உங்கள் இரண்டு கடிதங்களும் கிடைத்திருந்தன. பதில் எழுதாதது என் குற்றம். ஊருக்கு வந்தும் ஓடையைக் கடந்து உங்களைப் பார்க்காமல் திரும்பியதும் என் குற்றம். திரும்பிப் போகிற லாரி உடனே புறப்பட்டுவிட்டது. தீர்ப்பை நீங்கள் இதற்குள் கேட்டிருப்பீர்கள். அன்று உங்களை வேலிப் பக்கம்கூட விடவில்லை என்று அறிந்தேன். ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதக் கடமைப்பட்டிருக்கிறேன்.

எழுந்து நின்று வணக்கத்தையே இரண்டு முறை சொன்னேன். கொய்னெத், "மெதுவாப் பேசு, நாங்க எங்கயும் போகல" என்றார். 1979-இல் சொன்னது தவறு என்று சொன்னேன். யாரும் நம்பவில்லை. பின்னாலிருந்து ஒருவர், "தம்பி பொண்டாட்டிக்காக வந்திருக்காரு, பாவம், பஸ்ஸு டிக்கெட்டு வீண்" என்றார். அப்போது கிமிரெய் எழுந்தான். "பேச்சு வேண்டாம்ண்ணா. ஒரு ஆட்ட நான் புடிக்கிறேன். உள்ள என்ன இருக்கு, எங்க இருக்குன்னு வெட்டுறதுக்கு முன்னாலயே சொல்லுங்க" என்றான். நியாயமான கேள்வி. நான் அதை எதிர்பார்க்கவில்லை.

அவன் பிடித்து வந்தது ஒரு செவலை வெள்ளாடு. தாடையைப் பிடித்துத் தலையைக் குனிய வைத்தேன். கண்ணின் கோடு மட்டம் தவறியது. மேலே பார்க்கவில்லை. இடம் வலம் பார்த்தது. எல்லோரையும் அருகே வந்து பார்க்கச் சொன்னேன். பிறகு கரியால் மண்டையின் பின்பக்கம் ஒரு வட்டம் போட்டு, "இதுக்கு நேர் கீழ, நடுமூளைக்கு மேல, ஒரு நீர்ப்பை இருக்கும்" என்றேன். முப்பத்தொரு வருடத்தில் நான் இப்படி ஒரு முறைகூடத் துணிந்து சொன்னதில்லை.

ஆட்டைக் கொன்று மண்டையைக் கோடரியால் திறந்தார்கள். வட்டத்துக்குக் கீழே ஒன்றும் இல்லை. சுத்தமாக இருந்தது.

"படிச்சவரு குறி தப்பிருச்சு! நம்ம ஆளோட கல்லே தேவல" என்று ஒருவர் கத்த, எல்லோரும் சிரித்தார்கள். குறிகாரர் மட்டும் சிரிக்காமல் மூக்குப்பொடி போட்டுக்கொண்டார். எனக்கு உட்கார்ந்துவிடத் தோன்றியது. உட்கார்ந்திருந்தால் நீங்கள் இன்று வேறு ஊரில் இருந்திருப்பீர்கள். ஆனால் கை பழக்கத்தில் இருந்தது. பின்னாலிருந்து முன்னோக்கிச் சீவல் சீவலாக அறுத்துக்கொண்டே போனேன். கூடத்தில் எத்தனையோ நூறு தலைகளை அப்படி அறுத்திருக்கிறேன். முன்பக்கத்துக்கு வந்தபோது, வலது பெருமூளைக்குள், கோழி முட்டை அளவில் அது இருந்தது. கத்தி பட்டதும் நீர் பீறிட்டது. குருணைகள் கீழே விரித்திருந்த இலையில் சிதறின. அவ்வளவு தூரத்திலிருந்து மூளை முழுவதையும் பின்னுக்கும் கீழுக்கும் தள்ளி நடுமூளையை அழுத்தியிருக்கிறது. கண் சொன்னது உண்மை. நான் அதைப் படித்த விதம் தவறு.

"நான் சொன்ன எடத்துல இல்ல. இதுலயும் தப்புப் பண்ணிட்டேன்" என்றேன்.

அந்த நேரத்தில் கிமிரெயின் மஞ்சள் நாய் கால்களுக்கு நடுவே புகுந்து, இலையில் இருந்ததை நக்கப் பாய்ந்தது. நாலு பேர் சேர்ந்து விரட்டியும் போகவில்லை. அதற்கு அந்த ருசி பழக்கம். சிரித்தவர்கள் நிறுத்திவிட்டு நாயையே பார்த்தார்கள். கொய்னெத் கைத்தடியால் அதை ஒரு போடு போட்டுவிட்டுச் சொன்னார்: "பொய் சொல்ல வந்தவன், சொன்ன எடத்துலயே எடுத்துக் காட்டியிருப்பான். இந்த மனுசன் ஒரே பகல்ல ரெண்டு தடவ தப்புன்னு ஒத்துக்கிட்டான். நாய் ஒண்ணும் ஒத்துக்க வேண்டியதில்ல, அதையும் பாத்தாச்சு."

உங்கள் மேல் பழி இல்லை, ஆடுகள் உங்களுடையவை, தலைகளை இனி எரிக்க வேண்டும் என்று தீர்த்தார்கள். கிமிரெய் எதிர்த்துப் பேசவில்லை. என்னோடும் பேசவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.
மெபுகோரி


லொங்கிடோ, ஓடைக்கு அப்பால்
23 நவம்பர் 1986

பெரிய அத்தானுக்கு,

சுகம். மழை நன்றாகப் பெய்கிறது. முழங்காலில் சூடு வைத்துக்கொள்ளுங்கள்.

தலைகளை எரிக்கிறார்கள். நாற்றம் ஓடை வரை வருகிறது, வரட்டும். தண்ணீர்ப் பக்கம் பெண்கள் இப்போது குட்டிகளை மறைப்பதில்லை. ஒருத்தி தன் குட்டியைத் தூக்கி வந்து, "பாத்துச் சொல்லேன், கண்ணு மட்டமா இருக்கா?" என்று கேட்டாள். நேற்று வரை பார்க்காதே என்றவள்தான். பார்த்தேன். மட்டமாக இருந்தது. இருக்கிறது என்று சொல்லவில்லை. அவளே பார்த்துக்கொள்ளட்டும் என்று தாடையைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தேன்.

ஓடையின் அந்தப் பக்கமே திரும்பி வரச் சொல்லி கிமிரெய் ஆள் அனுப்பினார். போகவில்லை. நாய்கள் அங்கேதானே இருக்கின்றன?

லாரி அன்று புறப்படவில்லை, மறுநாள் காலையில்தான் புறப்பட்டது என்று அதன் ஓட்டுநர் சொன்னார். நீங்கள் கடை வாசலில் உட்கார்ந்திருந்தீர்களாம். என் பட்டிக்கு அங்கிருந்து நடந்தால் கால் மணி நேரம். முழங்கால் வலி என்று முதலில் நினைத்துக்கொண்டேன். பிறகு வேறு மாதிரி நினைக்கத் தொடங்கிவிட்டேன். இத்தனை வருடம் எல்லோரும் என்னைச் சந்தேகப்பட்டார்கள், எனக்கும் அந்தப் பழக்கம் வந்துவிட்டது.

அவையில் இருந்தவர்களிடம் கேட்டேன். '1979-இல் சொன்னது தவறு' என்று நீங்கள் சொன்னீர்களாம். தவறு என்று உங்களுக்கு எப்போது தெரிந்தது என்பதை நீங்கள் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. நான் கேட்கிறேன். என்னை ஓடைக்கு அனுப்பியது 1981-இல். அப்போது உங்களுக்குத் தெரியுமா?

நசியேகு


மொரோகோரோ
7 டிசம்பர் 1986

அம்மா நசியேகுவுக்கு,

உங்கள் கடிதம் முந்தாநாள் வந்தது. நீங்கள் மூவரும் நலமென்று அறிந்தேன். என் நலத்தை நீங்கள் கேட்காமலிருந்தாலும் எனக்குச் சம்மதமே.

தெரியும்.

1980 ஜூலையில் ஒரு பேராசிரியர் மேய்ச்சல் நிலத்து நோய்களைப் பற்றிக் கூடத்தில் பாடம் எடுத்தார். நான் தகடுகளை மாற்றிக்கொண்டு பின்னால் நின்றேன். தலையை நாய்க்குப் போடுவதுதான் இந்த நோயின் வேர் என்றார். படித்தவர்கள்கூட இதில் தவறுகிறார்கள் என்றும் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அன்று மாலை கிமிரெய்க்கு ஒரு கடிதம் எழுதத் தொடங்கினேன். முதல் வரியைத் தாண்ட முடியவில்லை. தலைகளை ஒருவேளை புதைத்திருப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அடுத்த வருடம் உங்களை ஓடைக்கு அப்பால் அனுப்பியதாக அவன் எழுதியபோது, காரணம் என்னவென்று நான் கேட்கவில்லை. கேட்டால் நான் சொல்ல வேண்டியிருக்கும். ஆகஸ்டில் அவனுக்கு எழுதியபோது 'குறிப்பேடுகளைப் புரட்டியதில் தெளிவாயிற்று' என்று எழுதினேன். அந்தக் குறிப்பேடு 1980-ஆம் ஆண்டினுடையது. அந்த வாக்கியத்தை அப்படி அமைக்க எனக்கு ஒரு பகல் முழுவதும் பிடித்தது.

கடை வாசலில் உட்கார்ந்திருந்தது முழங்கால் வலியால் அல்ல. உங்கள் முகத்தைப் பார்த்தால் நீங்கள் இதைக் கேட்பீர்கள் என்று பயந்தேன்.

அவை மறுபடி கூடும்போது இந்தக் கடிதத்தைப் படிக்கச் சொல்லுங்கள். கிமிரெயிடம் கொடுக்காதீர்கள், என்மேல் உள்ள அன்பால் அவன் இதையும் மறைத்துவிடுவான். கொய்னெத்திடம் கொடுங்கள். படிக்க வேண்டாம் என்று நீங்கள் முடிவு செய்தால் அதுவும் உங்கள் விருப்பம். காகிதத்தை யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்று ஒருவரும் சொல்லாதபடி, கீழே என் கையெழுத்தோடு இடது கைப் பெருவிரல் ரேகையும் வைத்திருக்கிறேன்.

உங்கள் ஆடுகளும் பிள்ளைகளும் பெருகட்டும்.

மெபுகோரி